காதால் பார்த்த உலகக் கோப்பை

இந்திய ஹாக்கி அணி முதன்முதலாக உலகக் கோப்பையைத் தூக்கியபோது மெட்ராஸில் ஒரு வீட்டிலும் அதை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. அன்று 1975 மார்ச் 15, சனிக்கிழமை. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் திறக்க இன்னும் ஐந்து மாதம் இருந்தது. எல்லாம் ரேடியோதான்! ஜஸ்தேவ் சிங்கின் வர்ணனை இந்தியில் கொட்டும். மொழி புரியாவிட்டால் என்ன? குரல் ஏறினால் பந்து கோலுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம்!

ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்கரைக்குக் காலை நடை வருபவர்களில், அந்த ரேடியோ காலத்தைக் கண்ட, அங்குள்ள டாங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் உண்டு. பேச்சை மெல்ல ஹாக்கி பக்கம் திருப்பிப் பாருங்கள். கால் நின்றுவிடும், குரல் உயர்ந்துவிடும்.

அந்தக் கோப்பைக்கான காத்திருப்பு அப்படிப்பட்டது. ஒலிம்பிக்கில் ஏழு தங்கம் வாங்கிய நாடு, 1971இல் பார்சிலோனாவில் நடந்த முதல் உலகக் கோப்பையில் மூன்றாவது இடம். 1973இல் ஆம்ஸ்டல்வீனில் நெதர்லாந்துக்கு எதிரான இறுதிப் போட்டியில் 2-0 முன்னிலை, பிறகு சமன், கடைசியில் பெனால்டி ஸ்ட்ரோக்கில் தோல்வி. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

இனி 1975 உலகக் கோப்பை நடந்த கோலாலம்பூரின் உள்கதைக்கு வருவோம், இதைச் சொல்லத்தான் கை பரபரக்கிறது! அரையிறுதியில் எதிரே மலேசியா, அதுவும் சொந்த மண்ணில். இந்தியா 1-2 பின்தங்கி நிற்கிறது. ஆட்டம் முடிய ஐந்தே நிமிடம். அதுவரை வெளியே உட்கார்ந்திருந்த அஸ்லம் ஷேர் கானை இறக்குகிறார்கள். பெனால்டி கார்னர். அஸ்லம் கழுத்துத் தாயத்தை முத்தமிடுகிறார், அடிக்கிறார், கோல்! கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் வெற்றி கோலைப் போடுகிறார்.

அடுத்து வெள்ளிக்கிழமைக்கு வாருங்கள். மறுநாள் இறுதிப் போட்டி. அணியைப் பார்த்துக்கொண்ட பல்பீர் சிங், மூன்று ஒலிம்பிக் தங்கம் கண்டவர், அஸ்லமைத் தொழுகைக்காக மசூதிக்குத் தானே அழைத்துப்போகிறார். அங்கே யார்? நாளை மோதப்போகும் பாகிஸ்தான் வீரர்கள்! இதை எத்தனை முறை கேட்டாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

அந்த அணியில் நம்மூர் வாசமும் உண்டு. ஃபார்வர்டு வி. ஜே. பிலிப்ஸும் கோல்கீப்பர் லெஸ்லி ஃபெர்னாண்டஸும் தமிழ்நாட்டுக்காரர்கள். இன்னொரு ரகசியம்: அஸ்லமின் அப்பா அகமது ஷேர் கானும், அணியின் இன்னொரு வீரர் அசோக் குமாரின் அப்பா தியான் சந்தும் 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஒரே அணியில் தங்கம் வென்றவர்கள்.

இறுதிப் போட்டியில் முதல் கோல் பாகிஸ்தானுடையது. இடைவேளைக்குப் பிறகு பெனால்டி கார்னரில் சுர்ஜித் சிங் சமன் செய்தார். அப்புறம் தியான் சந்தின் மகன் அடித்த பந்து கம்பத்தில் பட்டு வெளியே தெறித்தது. உள்ளே போனதா, இல்லையா? பாகிஸ்தான் வீரர்கள் கொதித்தார்கள். மலேசிய நடுவர் விஜயநாதன் அசையவில்லை: கோல்தான். 2-1! கேப்டன் அஜித்பால் சிங் கையில் ஏறிய அந்தக் கோப்பை பாகிஸ்தானில் செய்யப்பட்டது, உலகக் கோப்பையை உலகத்துக்கே கொடுத்தது அவர்கள்தான்.

ஆண்கள் ஹாக்கியில் இந்தியா வென்ற ஒரே உலகக் கோப்பை இன்னும் அதுதான் என்பது எனக்கு வலிக்கிறது. ஆனால் 2025இல் ராஜ்கிரில் ஆசியக் கோப்பையை வென்று, 2026 உலகக் கோப்பைக்குள் நுழைந்தாயிற்று. அதை நடத்துவது பெல்ஜியமும் நெதர்லாந்தும். நெதர்லாந்தில் ஆட்டம் எங்கே தெரியுமா? 1973இல் நம்மை அழவைத்த அதே ஆம்ஸ்டல்வீனில்!