தியத்தலாவையும் நெருப்புக்காய்ச்சலும்

கொழும்பிலிருந்து பதுளைக்குச் செல்லும் புகையிரதம் அப்புத்தளையைக் கடந்தபின், பண்டாரவளையை அடையுமுன் தியத்தலாவையில் நிற்கும். சூழவுள்ள மலைகளில் தேயிலை. நடுவே இராணுவ முகாம். தென்னாபிரிக்க யுத்தத்தில் பிடிபட்ட போயர்க் கைதிகளைப் பிரித்தானியர் 1900 ஆகஸ்டில் இங்கே கொண்டுவரத் தொடங்கினர். முட்கம்பி வேலிக்குள், தகரக் கொட்டகைகளில் ஏறக்குறைய 5,000 பேர் வைக்கப்பட்டனர். மலைக்காற்று உடம்புக்கு நல்லதுதான். ஆனால் நெருப்புக்காய்ச்சல் காற்றினால் வருவதன்று. நோயாளியின் மலத்திலுள்ள கிருமி நீரிலும் உணவிலும் கலந்து மற்றவர் வயிற்றை அடைவதால் வருவது. நெருக்கமாக மனிதர் வாழும் முகாம் அதற்கு ஏற்ற இடம். கைதிகளாக இலங்கைக்கு வந்து, இங்கேயே மாண்ட போயர்கள் நூற்றுக்கு மேற்பட்டோர். அவர்களுட் பலரை மாய்த்தது இக்காய்ச்சலே.

அவர்களைச் சிறைப்பிடித்த படையும் தப்பவில்லை. அந்த யுத்தத்தில் பிரித்தானியப் படையினர் 57,684 பேருக்கு நெருப்புக்காய்ச்சல் கண்டது. 8,225 பேர் இறந்தனர்.

இத்தனைக்கும், தடுப்பூசி ஒன்று அதற்கு முன்பே கைவசம் இருந்தது! நெட்லி என்னுமிடத்து இராணுவ மருத்துவப் பள்ளியில் ஆசிரியராயிருந்த அல்ம்ரோத் ரைட், சூட்டினாற் கொல்லப்பட்ட கிருமிகளை ஊசி மூலம் உடம்பிற் செலுத்தும் முறையை 1896 முதல் ஆராய்ந்து வந்தார். விரும்பிய வீரருக்கே ஊசி போடப்பட்டது. கை வீங்கும், காய்ச்சலும் வரும் என்பதால் பெரும்பாலோர் விரும்பவில்லை. பயன் எவ்வளவு என்பதிலும் சர்ச்சை எழுந்தது. கணித அறிஞர் கார்ல் பியர்சன் 1904இல் ரைட்டின் புள்ளிவிவரங்களைக் குறை கூறினார். தாமாக முன்வந்து ஊசி போட்டுக்கொள்பவர் இயல்பாகவே எச்சரிக்கையுடையவராய் இருக்கலாமல்லவா? நியாயமான ஐயம்தான்.

ஐயத்தைத் தீர்க்க முயன்றவர் இராணுவ வைத்தியர் வில்லியம் லீஷ்மன். பயிற்சி பெற்ற வைத்திய அதிகாரிகளைப் படைப்பிரிவுகளோடு அனுப்பி, ஊசி போட்டவர், போடாதவர் இருசாராரையும் ஒரே முறையிற் கணக்கெடுக்கச் செய்தார். ரைட்டோ 1902இல் லண்டன் சென் மேரிஸ் ஆஸ்பத்திரிக்குச் சென்றுவிட்டார். பிற்காலத்தில் பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங் பணியாற்றியதும் அங்கே ரைட் நடத்திய பிரிவிலேயே. 1914இல் யுத்தம் மூண்டபோது படைக்கு வேண்டிய தடுப்பூசியை அந்த ஆஸ்பத்திரி பெருமளவில் தயாரித்துக் கொடுத்தது. முந்திய யுத்தத்தைவிடப் பன்மடங்கு பெரிய அப்படையில், நான்கு ஆண்டுகளில் நோய்கண்டோர் சுமார் 20,000 பேர்; இறந்தோர் ஏறக்குறைய 1,200 பேர் மட்டுமே.

இத்தகைய ஆய்வு படையில் நடந்ததற்குக் காரணம் உண்டு. படைவீரர் ஒரே சமையலை உண்பர். ஒரே நீரைக் குடிப்பர். நாள்தோறும் அணிவகுத்து எண்ணப்படுவர். ஊவாத் தோட்டங்களிலும் காலையில் ஆட்களை எண்ணும் வழக்கம் உண்டு. அதற்கு வழங்கும் ‘பிரட்டு’ என்ற சொல், இராணுவ அணிவகுப்பைக் குறிக்கும் ‘பரேட்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு என்பர். ஆனால் தோட்டத்திற் பெயர் பதிவது நாட்சம்பளத்துக்காக. எந்த லயத்தில் எத்தனை பேருக்குக் காய்ச்சல், அவர்கள் நீர் பிடித்த பீலி எது என்று அந்தப் பதிவேடு கேட்பதில்லை.

நோய் வந்தபின் தீர்க்கும் மருந்து கிடைத்தது தமிழ்த் தொழிலாளர் உழைத்த இன்னொரு தோட்ட நாட்டில். 1948இல் ஜோசப் ஸ்மேடல் தலைமையில் அமெரிக்க இராணுவ ஆய்வுக்குழுவொன்று, உண்ணிக்காய்ச்சலுக்குக் குளோரம்பெனிக்கோல் என்னும் புதுமருந்தைச் சோதிக்க மலாயாவின் கோலாலம்பூருக்கு வந்தது. உண்ணிக்காய்ச்சல் என்றெண்ணி மருந்து கொடுக்கப்பட்டவர்களிற் சிலருக்கு இருந்தது நெருப்புக்காய்ச்சல் என்று பின்னர் தெரிந்தது. அவர்களும் தேறினர்! உடனே குழுவினர் உள்ளூர் வைத்தியர்களோடு சேர்ந்து நெருப்புக்காய்ச்சல் நோயாளர் பத்துப்பேருக்கு அம்மருந்தைக் கொடுத்துப் பார்த்தனர். வாரக்கணக்காய் எரித்த காய்ச்சல் சில நாட்களில் தணிந்தது. ஆயினும் எலும்பு மச்சையை அது அரிதாகத் தாக்குவதுண்டு. 1972இல் மெக்சிக்கோவில் அதற்கு அடங்காத கிருமியும் பரவியது.

அந்தத் தடுப்பூசி தேறியது வளர்ந்த வீரர்களின் உடம்பில். லயத்துக் குழந்தையைக் குறித்து அந்தக் கணக்குகள் ஒன்றும் சொல்லவில்லை. கைக்குழந்தைக்கும் ஏற்ற புதுத் தடுப்பூசியை உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தது. நேபாளம், மலாவி, வங்காளதேசம் ஆகிய நாடுகளில் அதைப் பெரிய அளவிற் சோதித்தபோது ஊசிக்குக் கைநீட்டியவர்கள் சிறுவர் சிறுமியரே.