போட் கிளப்பிலிருந்து காசிமேடு வரை

டீ சொல்லியாயிற்று. அது வருவதற்குள் ஒரு கேள்வி. சென்னையில் பணக்காரர்கள் இருக்கும் பக்கம், ஏழைகள் இருக்கும் பக்கம் என்று பிரிந்தது எப்படி? காசு உள்ளவர்கள் நல்ல இடமாகப் பார்த்து வாங்கினார்கள், இல்லாதவர்கள் மிச்சம் கிடந்த ஆற்றோரத்திலும் கடலோரத்திலும் குடிசை போட்டுக்கொண்டார்கள் என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். எனக்கு இந்தப் பதில் சரியாகப் படவில்லை. ஒரு நாள் விடிகாலையில் போட் கிளப் சாலையில் கிளம்பி, பட்டினப்பாக்கம், மெரினா, பாரிமுனை, ராயபுரம் என்று காசிமேடு வரை நடந்து பாருங்கள். பதினைந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அங்கங்கே உட்கார்ந்து போனாலும் மதியத்துக்குள் முடிந்துவிடும்.

போட் கிளப்பில் தூங்குமூஞ்சி மரங்களின் நிழல், உயரமான மதில், மதிலுக்கு அந்தப் பக்கம் வீடு. காலை ஏழு மணிக்கு அங்கே இரண்டு விதமாக நடக்கிறார்கள். உடம்புக்காக நடப்பவர்கள் மெதுவாகப் போவார்கள். வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் வேகமாகப் போவார்கள். இந்தப் பெண்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அது பிறகு வேண்டியிருக்கும்.

அமைச்சர்கள் குடியிருக்கும் கிரீன்வேஸ் சாலையைத் தாண்டினால் பக்கிங்ஹாம் கால்வாய். அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் இந்தத் துண்டு 1877-78இல், பெரும் பஞ்சத்தின்போது, நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. பசியில் வந்தவர்கள் கூலிக்கு வெட்டிய கால்வாய் இது. அதன் கரையில் ராஜா அண்ணாமலைபுரத்து இளங்கோ தெருவில் 2022 மே மாதம் வீடுகளை இடித்தபோது, அங்கே குடியிருந்த ஒரு பெரியவர் தீக்குளித்து இறந்தார். கால்வாயை மறித்துத் தூண் ஊன்றிய பறக்கும் ரயில் மட்டும் இன்றும் மேலே ஓடிக்கொண்டிருக்கிறது.

அங்கிருந்து எம்.ஆர்.சி. நகர். ஒரு பக்கம் நட்சத்திர ஹோட்டலும் கண்ணாடிக் கட்டடங்களும். சில நிமிட நடையில் சீனிவாசபுரம், சிமெண்ட் பெயர்ந்து கம்பி தெரியும் பழைய ஹவுசிங் போர்டு வீடுகள், வாசலில் வரிசையாகக் குடங்கள், அதற்கப்பால் கடல். இரண்டுக்கும் நடுவில் தூரமே இல்லை. ஹோட்டலுக்கும் அந்த வாசல்களுக்கும் ஒரே காற்றுதான் வீசுகிறது. யார் முதலில் வந்தார்கள் என்று கேட்டால், சந்தேகமே வேண்டாம், மீனவர்கள்தான்.

லூப் ரோட்டில் நொச்சிக்குப்பத்தை ஒட்டி நடக்கும்போது இது இன்னும் தெளிவாகும். 1985இல் மெரினாவை அழகுபடுத்துவதற்காகக் கட்டுமரங்களையும் வலைகளையும் அப்புறப்படுத்த அரசு முனைந்தது. மீனவர்கள் எதிர்த்தார்கள். போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. 2023 ஏப்ரலில் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று சாலையோர மீன் கடைகளை அகற்றினார்கள். மீனவர்கள் சாலையை மறித்துப் போராடினார்கள். 2024இல் அங்கேயே ஒரு மீன் அங்காடி கட்டித் திறந்தார்கள். குப்பம் அங்கே இருந்தது, சாலைதான் பின்னால் வந்தது. ஆனால் இடைஞ்சல் என்ற பெயர் குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

இப்போது மெரினா. இங்கே கொஞ்சம் உட்காருவோம், ஏனென்றால் நகரத்தின் கதையில் பாதி இந்த மணலில் இருக்கிறது. நூற்றைம்பது வருடங்களுக்கு முன் இவ்வளவு மணல் இங்கே கிடையாது. கடல் இப்போதைய சாலைக்குப் பக்கத்திலேயே இருந்தது. 1870களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் கட்டத் தொடங்கினார்கள். நம் கரையில் வருடத்தில் பெரும்பாலான மாதங்கள் தென்கிழக்கிலிருந்து அலை சாய்ந்து அடிக்கிறது. அது மணலை வடக்கே தள்ளிக்கொண்டு போகும். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் சில மாதங்களில் திரும்பத் தெற்கே தள்ளும். கூட்டிக் கழித்தால் மணல் வடக்கே போவதுதான் அதிகம். ஓடும் வாய்க்காலில் பாதி தூரத்துக்குச் செங்கல் வைத்தால் மேல்பக்கம் வண்டல் சேர்ந்து கீழ்ப்பக்கம் கரை அரிக்கும் இல்லையா, அதேதான். சுவருக்குத் தெற்கே மணல் வந்து குவிந்தது. 1884இல் கவர்னர் கிராண்ட் டஃப் அங்கே நடைபாதை போட்டு மெரினா என்று பெயர் வைத்தார். கிழக்கே பார்த்திருந்த துறைமுக வாசலே தூர்ந்துபோய், பிறகு துறைமுகத்தை நடத்திய பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் அதை அடைத்து வடகிழக்கில் புது வாசல் திறக்க வேண்டியதாயிற்று.

வடக்கே போக வேண்டிய மணல் இங்கே நின்றுவிட்டதால், ராயபுரத்திலிருந்து வடக்கே கடல் கரையைத் தின்னத் தொடங்கியது. வலை உலர்த்தவும் கருவாடு காயவைக்கவும் படகை இழுத்துப் போடவும் இருந்த இடம் போயிற்று. அங்கே இன்று நீங்கள் பார்ப்பது கடற்கரை அல்ல, கொட்டி வைத்த பாறாங்கற்கள். தெற்கே குடும்பத்தோடு சுண்டல் சாப்பிட உட்காரும் மணலும் வடக்கே காணாமல் போன கரையும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள். இதை நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு யாராவது சொல்லித் தருகிறார்களா தெரியவில்லை, கட்டாயம் சொல்லித்தர வேண்டும்.

புனித ஜார்ஜ் கோட்டையைத் தாண்டினால் உயர் நீதிமன்றம். 1892இல் திறந்த அந்தச் சிவப்புக் கட்டடம் நிற்கும் இடத்தில்தான் பழைய கறுப்பர் நகரம் இருந்தது, நெசவாளர்களும் வியாபாரிகளும் வாழ்ந்த இடம். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். மதிலை ஒட்டி வீடுகள் இருந்தால் எதிரி மறைந்து சுடுவான் என்று இடிப்பு தொடங்கியது. கோட்டை கைக்குத் திரும்பியதும் ஆங்கிலேயர் மிச்சத்தை இடித்து வெட்டவெளியாக்கினார்கள். மக்கள் வடக்கே தள்ளிப் போனார்கள். கோட்டையில் வசதி பெருகிய வெள்ளைக்காரர்களோ தெற்கேயும் மேற்கேயும் தோட்ட வீடு கட்டிக்கொண்டு போனார்கள். பிறகு துறைமுகம், 1856இல் ராயபுரம் ரயில் நிலையம், பெரம்பூரில் பின்னி ஆலைகள் என்று உழைப்பு வேண்டிய எல்லாம் வடக்கே வந்தன. உழைப்பவர்கள் வேலைக்குப் பக்கத்தில் குடியேறினார்கள். அந்த ஆலைத் தொழிலாளர்களை வைத்துத்தான் 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. 1996இல் ஆலை மூடியது. ஆட்கள் அங்கேயே இருக்கிறார்கள்.

காசிமேட்டில் மீன் ஏலம் விடும் சத்தத்தில் நடை முடிகிறது. அதற்கு மேல் எண்ணூர், மணலி, கொடுங்கையூர். மின்சாரம், பெட்ரோல், நகரத்துக் குப்பையில் ஒரு பெரும் பங்கு என்று எல்லாவற்றுக்கும் அந்தப் பக்கம் இடம் கொடுத்திருக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரமே எண்ணெய்ப் படலமானது.

இப்போது அந்தப் பெண்கள் விஷயத்துக்கு வருகிறேன். முன்பு அவர்களில் பலர் ஆற்றோரத்திலிருந்தும் கால்வாய்க் கரையிலிருந்தும் நடந்தே வேலைக்கு வந்தார்கள். 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டிக் கொடுப்பதுதான் வழக்கமாக இருந்தது. 2000வாக்கில் கண்ணகி நகர், சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கம் என்று நகரத்துக்கு வெளியே அனுப்பத் தொடங்கினார்கள். அந்த வெள்ளம் கோட்டூர்புரத்து அடுக்குமாடி வீடுகளிலும்தான் புகுந்தது. அங்கே இருந்தவர்களை யாரும் பெரும்பாக்கத்துக்குப் போகச் சொல்லவில்லை. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பெரும்பாக்கத்திலும் மழைக்குத் தண்ணீர் நிற்கிறது.

அங்கிருந்து போட் கிளப்புக்கு இருபது கிலோமீட்டர் அளவில் இருக்கும். 2021 முதல் சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அது பெரிய உதவி. ஆனால் நடந்து வந்த இடத்துக்குப் பேருந்துக்குக் காத்திருந்து வர வேண்டும். காலையில் இரண்டு வீடு, மாலையில் இரண்டு வீடு என்று பார்த்தவர் ஒரு வேளை வேலையை விட்டுவிட வேண்டியதுதான். பிள்ளைகளின் பள்ளி மாறுகிறது. கடனுக்கு அரிசி கொடுத்த மளிகைக்காரர் இல்லை. கைக்கு ஒரு வீடு வந்தது, அந்த வீட்டை நடத்தும் வருமானம் குறைந்துவிட்டது.

இடத்திலேயே கட்டிக் கொடுக்க முடியாது என்று அதிகாரிகள் சொன்னால் நம்பாதீர்கள். நொச்சிக்குப்பத்தில் பழைய வீடுகளை இடித்துவிட்டு அங்கேயே புதிதாகக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள், போகும்போது நீங்களே பார்க்கலாம். அடுத்த முறை செய்தியில் ஆக்கிரமிப்பு அகற்றம் என்று படித்தால், அங்கே யார் முதலில் இருந்தார்கள், எத்தனை கிலோமீட்டர் தள்ளி அனுப்புகிறார்கள் என்று உங்கள் கவுன்சிலரிடம் கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள்.