சம்பளத்திலிருந்து ஒரு பைசா: ‘தமிழன்’ இதழும் அதைக் காத்த வாசகர்களும்



நினைவுப் பொழிவு என்றால் ஒரு மனிதரைப் பற்றிப் பேசுவதே வழக்கம். இந்த முறை ஓர் இதழைப் பற்றிப் பேசுகிறோம். அதை நடத்தியவர் பண்டிதர் அயோத்திதாசர். அவரைப் பற்றி இன்று பல்கலைக்கழகங்களில் ஆய்வுகள் நடக்கின்றன. ஆனால் அந்த இதழைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் யார், அவர் இறந்த பிறகு அதைப் பாதுகாத்து வைத்தவர்கள் யார் என்ற கேள்வியை நாம் அதிகம் கேட்பதில்லை. ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையில், ஷிப்டு முடித்து வந்து உட்கார்ந்திருக்கும் தோழர்கள் நிறைந்த இந்த இடத்தில் அதைக் கேட்பதே பொருத்தம்.

‘தமிழன்’ வருவதற்கு முன்

தலித் இதழியல் ‘தமிழ’னில் தொடங்கியதல்ல. 1869-இல் ‘சூர்யோதயம்’ வந்ததாகத் தெரிகிறது. 1885-இல் ‘திராவிட பாண்டியன்’ வந்தது. இவற்றை வரிசையாகத் தேடித் தொகுத்தவர் ஆய்வாளர் ஜெ. பாலசுப்பிரமணியம், ‘சூரியோதயம் முதல் உதயசூரியன் வரை’ என்ற அவரது நூலை மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும்.

இவற்றுள் நம் மண்ணோடு நேரடித் தொடர்புடையது ‘பறையன்’. அதைத் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசன் இதே பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில், மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்தவர். 1893 அக்டோபரில் நான்கு பக்க மாத இதழாக அதை ஆரம்பித்தார். சென்னையில் இரண்டே நாளில் 400 பிரதிகள் விற்றன என்று தம் ஜீவிய சரித்திரத்தில் எழுதுகிறார். விரைவில் அது வார இதழானது. சொந்த அச்சகமும் அமைந்தது. எந்தப் பெயரைச் சொல்லி இழிவு செய்தார்களோ, அதையே பத்திரிகையின் தலையில் பொறித்ததுதான் அந்த இதழின் முதல் அரசியல். 1896-இல் அதில் வெளியான ஒரு கடிதத்துக்காக வழக்கு வந்தது; 100 ரூபாய் அபராதம் விதித்தார்கள். அன்று நீதிமன்றத்தில் நம் மக்கள் பணப்பையோடு கூடியிருந்ததையும் அவர் குறித்து வைத்திருக்கிறார். 1900 வரை ‘பறையன்’ வந்தது.

காலமும் கவனிக்கத்தக்கது. செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் நம் மக்களின் நிலை பற்றி அறிக்கை கொடுத்தது 1891-இல். பஞ்சமி நிலம் வழங்க வழிசெய்த அரசாணை 1892-இல். அடுத்த ஆண்டு ‘பறையன்’ பிறக்கிறது. மண்ணும் எழுத்தும் நம் வரலாற்றில் அடுத்தடுத்தே வந்திருக்கின்றன.

ஒரு பைசாவின் கணக்கு

1907 ஜூன் 19, புதன்கிழமை. சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ என்ற வார இதழ் வெளிவந்தது. நான்கு பக்கம். விலையே பெயராக இருந்தது. ஓராண்டுக்குப் பிறகு பெயர் ‘தமிழன்’ என்று மாறியது. 1914 மே 5-இல் அயோத்திதாசர் மறையும் வரை, ஏறக்குறைய ஏழு ஆண்டுகள், வாரந்தோறும் வந்தது.

அயோத்திதாசர் சித்த மருத்துவர். 1898-இல் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவியவர். இதழில் அரசியல் விமர்சனம் இருந்தது, செய்தி இருந்தது, வாசகர் கேள்விகளுக்குப் பதில் இருந்தது. ‘இந்திரர் தேச சரித்திரம்’ தொடராக வந்தது. திருக்குறளையும் ஔவையையும் தீபாவளியையும் கார்த்திகையையும் பௌத்த மரபிலிருந்து மறுவாசிப்பு செய்த கட்டுரைகள் வந்தன. ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாதவர்கள் பேசும் சுதேசியத்துக்கு என்ன பொருள் என்று அது கேட்டது. தம் பாட்டனார் கந்தப்பன் வீட்டில் இருந்த திருக்குறள் ஏடுகள்தான் எல்லிஸ் துரையிடம் சென்று சேர்ந்தன என்பதை அயோத்திதாசர் இதில் எழுதிப் பதிவு செய்தார். ஆக, இது அரசியல் ஏடு மட்டுமல்ல. தமிழ் இலக்கியம் யாருடைய சொத்து என்ற வழக்கை நடத்திய இலக்கிய இதழும்கூட.

இதற்குப் பணம் எங்கிருந்து வந்தது? ஜமீன்தார்கள் தரவில்லை. பெரிய பங்கு கோலார் தங்கவயலிலிருந்து வந்தது. வட ஆற்காடு முதலிய மாவட்டங்களின் சேரிகளிலிருந்து பண்ணையடிமை வேலையை உதறிவிட்டுச் சுரங்கத்துக்குப் போனவர்கள் அங்கே திரண்டிருந்தார்கள். பூமிக்குள் உயிரைப் பணயம் வைக்கும் வேலை. ஆனால் நெல்லாக அளக்கப்பட்ட கூலிக்குப் பதில் கையில் காசு கிடைத்தது. அந்தக் காசில் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃப்ஸிலும் பௌத்த சங்கம் வளர்ந்தது. ‘தமிழ’னுக்குச் சந்தாவும் நன்கொடையும் போயின. ரங்கூன், நேட்டால் என்று நம் மக்கள் பிழைக்கப் போன ஊர்களுக்கெல்லாம் இதழும் போனது. படிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்க, தெரியாதவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள்.

அயோத்திதாசருக்குப் பின் அவர் மகன் பட்டாபிராமன் சிறிது காலம் நடத்தினார். பிறகு நின்றது. 1926-இல் அதே ‘தமிழன்’ கோலார் தங்கவயலிலிருந்தே மீண்டும் வந்தது, ஜி. அப்பாதுரையார் ஆசிரியர். அங்கிருந்த சித்தார்த்த புத்தகசாலை அயோத்திதாசரின் எழுத்துகளைச் சிறு நூல்களாக வெளியிட்டுக்கொண்டே இருந்தது. வாசகர்கள் இதழைத் தாங்கியதோடு நிற்காமல் தாங்களே பதிப்பாளர்களும் ஆனார்கள்.

பாரிஸிலிருந்து ஓர் ஒப்பீடு

1947-இல் செனகல் நாட்டவரான அலியூன் தியோப் பாரிஸில் ‘பிரெசான்ஸ் ஆஃப்ரிக்கேன்’ என்ற பிரெஞ்சு இலக்கிய இதழைத் தொடங்கினார். ‘ஆப்பிரிக்க இருப்பு’ என்று பொருள். நாங்கள் இருக்கிறோம் என்று சொல்வதற்கே ஓர் இதழ் தேவைப்பட்டது. ஆந்த்ரே ழீத், சார்த்தர், காம்யு போன்றவர்கள் அதன் ஆதரவுக் குழுவில் இருந்தார்கள். 1949-இல் பதிப்பகம் ஆனது. 1956-இல் சோர்போன் பல்கலைக்கழகத்தில் கறுப்பின எழுத்தாளர்கள், கலைஞர்களின் முதல் மாநாட்டைக் கூட்டியது. 1980-இல் தியோப் இறந்த பின் அவர் துணைவியார் கிறிஸ்தியான் அதைத் தொடர்ந்தார்.

நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே இராயப்பேட்டையில் அதே வேலை தொடங்கிவிட்டது. ‘தமிழ’னுக்குப் புகழ்பெற்ற ஆதரவுக் குழு கிடையாது. சுரங்கத் தொழிலாளர்களே அதன் ஆதரவுக் குழு.

எது மிஞ்சியது, எப்படி மிஞ்சியது

இன்று ‘பறையன்’ என்ன எழுதியது என்று அறிய விரும்பும் ஆய்வாளர், பெரும்பாலும் ஆங்கிலேய அரசின் சுதேசிப் பத்திரிகை அறிக்கைகளைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது. அரசு தன் கண்காணிப்புக்காக மொழிபெயர்த்து வைத்த துண்டுகள் அவை. நம் வாக்கியம் நம் கையில் இல்லை. ஆண்டவர்களின் குறிப்பேட்டில் இருக்கிறது. வேறு பல இதழ்களுக்குப் பெயர் மட்டுமே மிச்சம்.

‘தமிழன்’ அந்த வகையில் தப்பியது. தங்கவயல் குடும்பங்களும், அன்பு பொன்னோவியம் போன்றவர்களும் பழைய இதழ்களைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். அவற்றைக் கொண்டுதான் ஞான. அலாய்சியஸ் 1999-இல் அயோத்திதாசர் சிந்தனைகளைத் தொகுத்தார். பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வெளியிட்டது. இடைப்பட்ட எண்பத்தைந்து ஆண்டுகளில் தமிழ் இதழியல் வரலாறு எழுதியவர்களில் பெரும்பாலோர் அவரைக் கண்டுகொள்ளவில்லை. அவரைக் காப்பாற்றியது தொழிலாளி வீட்டுப் பெட்டி.

இந்த நெடுஞ்சாலையில்

நம் வாசல் வழியாகப் போகும் பெங்களூர் சாலையைப் பிடித்துப் போனால் தங்கவயலுக்குப் போய்விடலாம். 2001-இல் அந்தச் சுரங்கம் மூடப்பட்டது. அதற்குள் இந்தச் சாலையில் வேறொரு தொழில் உலகம் எழுந்துவிட்டது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளிவரத் தொடங்கியது. 2006-இல் வந்த நோக்கியா 2014-இல் மூடிக்கொண்டு போனது. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு கெட்டு உடல்நலம் பாதிக்கப்பட்டபோது, செல்போன் கம்பெனிப் பெண் தொழிலாளர்கள் இதே நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். 2024-இல் சாம்சங் தொழிலாளர்கள் சங்கப் பதிவுக்காக 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

இவை பற்றிய செய்திகளை நாளிதழ்கள் எழுதின; கம்பெனிகளும் அரசும் அறிக்கை விட்டன. அந்தச் சாலையில் உட்கார்ந்த பெண் எழுதிய பக்கம் எங்கே? விடுதி அறையில் அவரிடம் யார் ஊர் கேட்டார்கள், தெரு கேட்டார்கள்? லேபர் கான்ட்ராக்டர் எந்தத் தெருவில் ஆள் எடுத்தார், எந்தத் தெருவைத் தாண்டிப் போனார்? சிப்காட்டுக்குப் போன நிலத்தில் பஞ்சமி நிலம் உண்டா? இவற்றை நாம் எழுதாவிட்டால், நூறு ஆண்டு கழித்து வரும் ஆய்வாளர் மறுபடியும் அடுத்தவர் குறிப்பேட்டைத்தான் புரட்டுவார்.

1997-இல் தொடங்கிய ‘தலித் முரசு’ம் 2020-இல் வந்த ‘நீலம்’ இதழும் இந்த மரபின் தொடர்ச்சி. இவற்றுக்குச் சந்தா கட்டுவது உதவி செய்வதாகாது. நம் வரலாற்றுக்கு நாம் செலுத்தும் பங்கு.

எனவே மூன்று வேண்டுகோள்கள். ஒன்று: வீட்டில் கிடக்கும் பழைய இதழ், துண்டறிக்கை, சங்கச் சுற்றறிக்கை எதையும் எடைக்குப் போடாதீர்கள், ஊர் அம்பேத்கர் படிப்பகத்தில் அதற்கென ஓர் அலமாரி ஒதுக்குங்கள். இரண்டு: மாணவர்கள் தங்கள் அம்மா, அக்கா, அண்ணன் சொல்லும் கம்பெனிக் கதைகளைத் தேதி போட்டு எழுதி வையுங்கள், பிழைப்புக்கு ஆபத்து வராதபடி பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். மூன்று: ஒரு தெருவுக்கு ஓர் இதழாவது வரட்டும். ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கட்டும். தங்கவயலில் அப்படித்தான் ‘தமிழன்’ படிக்கப்பட்டது.

ஜெய்பீம்.