துறை தெரிந்த மொழிபெயர்ப்பாளரைத் தேடும்போது

எழுத்தை மொழிமாற்றித் தருபவர் மொழிபெயர்ப்பாளர். பேச்சை உடனுக்குடன் மாற்றிச் சொல்பவர் உரைபெயர்ப்பாளர். இரு பணிகளுக்கும் மொழிப்புலமையோடு துறையறிவும் வேண்டும்.

டச்சு, ஜப்பானிய மொழிகளின் பழைய உறவு இதற்கு நல்ல சான்று. 1641 முதல் இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக டச்சு வணிகர்கள் நாகசாக்கியின் தெஜிமா தீவில் இருந்தனர். அவர்களுடன் பேசுவதற்கென்றே பரம்பரை உரைபெயர்ப்பாளர் குடும்பங்கள் நாகசாக்கியில் இருந்தன. ஆனால், டச்சு உடற்கூற்று நூல் ஒன்றை ஜப்பானிய அறிஞர்களின் கைக்குக் கொண்டுசேர்த்தவர்கள் மருத்துவர்கள். சுகித்தா கென்பாக்குவும் மாயெனோ ரியோத்தாக்குவும் 1771இல் பிணக்கூறாய்வு ஒன்றைப் பார்த்து, நூலின் படங்கள் உண்மையானவை என்று கண்டு மொழிபெயர்ப்பைத் தொடங்கினர். அந்த மொழிபெயர்ப்பு 'கைத்தாய் ஷின்ஷோ' என்ற பெயரில் 1774இல் வெளிவந்தது. அவர்களுக்கு டச்சு மொழி குறைவாகவே தெரியும். உடலைப் பற்றிய அறிவே துணை நின்றது.

சிங்கப்பூரில் தமிழ் அதிகாரத்துவ மொழி. நாடாளுமன்றத்தில் உறுப்பினர் தமிழில் பேசலாம். உரை ஆங்கிலத்தில் உடனுக்குடன் பெயர்க்கப்படும். நீதிமன்றம் ஆங்கிலத்தில் இயங்குவதால், தமிழ்ச் சாட்சிக்கு நீதிமன்ற உரைபெயர்ப்பாளர் துணைநிற்பார். அரசாங்க மொழிபெயர்ப்புகளின் தரத்தை உயர்த்த தேசிய மொழிபெயர்ப்புக் குழு 2014இல் அமைக்கப்பட்டது.

தனிப்பட்ட ஆவணங்களுக்குத்தான் தேடல் தேவைப்படுகிறது. புக்கிட் பாஞ்சாங்கில் வசிக்கும் ஒருவர் தமிழ்நாட்டுப் பிறப்புச் சான்றிதழைக் குடிநுழைவு ஆணையத்திடம் கொடுக்க வேண்டுமானால், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும் தேவை. அது தனியார் செய்ததாக இருந்தால் நோட்டரி வழக்குரைஞரோ தூதரகமோ உறுதிப்படுத்த வேண்டும். நோட்டரி சான்றுக்குச் சிங்கப்பூர்ச் சட்டக் கழகத்தின் அங்கீகாரம் 2019 அக்டோபர் முதல் கட்டாயம். ஆகவே, வேலையைக் கொடுக்கும் முன், பெறும் அலுவலகம் எந்த வகைச் சான்றை ஏற்கும் என்று கேட்டுக்கொள்வது செலவை மிச்சப்படுத்தும்.

தமிழ்நாட்டு நிலப் பத்திரம் இன்னும் கவனம் கோருவது. கிரயம், தான செட்டில்மென்ட், பாகப்பிரிவினை ஆகியவை சட்டப்படி வெவ்வேறு விளைவுகள் உடையவை. நில அளவையும் சரியாக மாற்ற வேண்டும்: ஒரு சென்ட் 435.6 சதுர அடி. பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்றிதழ் போன்ற நில ஆவணங்களைப் பற்றி அறியாதவர், தமிழில் வல்லவராயினும் இங்கே தடுமாறுவார். மருத்துவ அறிக்கைக்கும் இதே விதிதான்.

மொழிபெயர்ப்பாளரைத் தேர்வு செய்யும்போது அதே துறையில் அவர் முன்பு செய்த வேலைகளைப் பற்றிக் கேட்கலாம். ஒரு பக்கத்தை மாதிரியாகச் செய்யச் சொல்லி, துறை அறிந்த ஒருவரிடம் காட்டலாம். கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டலையும் தந்தை பெயரின் முதலெழுத்தையும் முதலிலேயே கொடுத்துவிட வேண்டும். மொழிபெயர்ப்பை இரண்டாமவர் சரிபார்ப்பாரா, ஆவணத்தின் இரகசியம் காக்கப்படுமா என்பதையும் எழுத்தில் பெறுவது நல்லது.

உரைபெயர்ப்பாளருக்குக் கூட்டத்தின் ஆவணங்களும் கலைச்சொற்களும் சில நாள் முன்னதாகவே கிடைக்க வேண்டும். நீண்ட கூட்டத்தில் உடனுக்குடன் பெயர்ப்பது மூளையைக் களைப்படையச் செய்யும். எனவே இருவர் ஏறத்தாழ அரைமணி நேரத்துக்கு ஒருமுறை மாறி மாறிப் பேசுவர்.

தமிழ்–ஜப்பானியம், டச்சு–ஜப்பானியம் போன்ற அரிய இணைகளுக்கு ஆள் கிடைக்காதபோது, ஆங்கிலத்தை இடையில் வைத்து இரு படியாகப் பெயர்ப்பதுண்டு. அப்போது ஒரு படியில் நேரும் பிழை அடுத்த படிக்கும் போகும். ஆகவே எண்கள், பெயர்கள், மருந்தளவுகள், சட்டச் சொற்கள் ஆகியவற்றை மூல ஆவணத்துடன் நேரடியாக ஒப்பிட்ட பிறகே கையொப்பமிட வேண்டும்.