லால்பாக்: எல்லைக் கோபுரம் நடு ஊரில்

தமிழ்நாட்டிலிருந்து பெங்களூருக்குப் போகும் சுற்றுலாப் பேருந்துகள் லால்பாக்குக்கு ஒதுக்குவது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. கண்ணாடி மாளிகை முன்னால் ஒரு குரூப் போட்டோ, பூக்கடிகாரத்தைச் சுற்றி ஒரு நடை. அதற்குள் டிரைவர் ஹாரன் அடித்துவிடுவார். 240 ஏக்கர் தோட்டத்துக்கு இது அநியாயம். பகல் முழுக்க அங்கேயே கிடக்க வேண்டும் என்று முடிவு செய்து போனால்தான் அந்த இடம் பிடிபடும்.

முதலில் பாறைமேல் ஏறுங்கள். மேலே நிற்கும் சின்னக் கோபுரம் பெங்களூரை நிறுவிய கெம்பே கவுடரின் வம்சத்தார் கட்டியது. ஊர் இதுவரைதான் வளரும் என்று நான்கு திசையிலும் நட்டுவைத்த எல்லைக் கோபுரங்களில் இது ஒன்று என்பார்கள். இன்று அதன் அடியில் நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் கட்டடம்தான். எல்லையாக இருந்த இடம் நடு ஊராகிவிட்டது. கோபுரத்தைத் தாங்கும் பாறையோ சுமார் 300 கோடி ஆண்டுகள் பழையது. தேசிய நிலவியல் நினைவுச்சின்னம். அதன்மேல் உட்கார்ந்து வேர்க்கடலை கொறிப்பவர்களில் பெரும்பாலோர் அங்கிருக்கும் பலகையைப் படிப்பதில்லை.

1760இல் ஹைதர் அலி தொடங்கியபோது இது சுமார் 40 ஏக்கர் அரண்மனைத் தோட்டம். ஊரார் காலாற நடக்கும் இடமல்ல. திப்பு சுல்தான் அயல்நாடு போன தன் தூதர்களிடம்கூட விதையும் கன்றும் கேட்டு வாங்கியவர். 1856இல் அரசுத் தாவரவியல் தோட்டமான பிறகு வேலையே மாறியது. எந்தப் பயிர் இந்த மண்ணில் பிழைக்கும் என்று பார்க்கும் சோதனைக் களமானது. 1874இல் பொறுப்பேற்ற ஜான் கேமரூன் காலத்தில் வெளிநாட்டுக் காய்கறிகள் பல இங்கே பாத்தி கண்டன. நம் வீட்டுக் கூட்டில் விழும் சௌசௌ அவற்றில் ஒன்று. அதைப் பெங்களூர் கத்திரிக்காய் என்று நம்மவர்கள் சொல்வது சும்மா இல்லை.

அந்தக் காலத்து லால்பாக்கில் மிருகக்காட்சிசாலையும் இருந்தது. புலியும் கரடியும் பார்க்க வந்த கூட்டத்தின் இடத்தில் இன்று செல்ஃபிக் கூட்டம். விலங்குகள் கூண்டிலிருந்து விடுபட்டதை நான் முன்னேற்றம் என்றே சொல்வேன். கண்ணாடி மாளிகைக்கு 1889இல் அடிக்கல் நாட்டியவர் இங்கிலாந்து இளவரசர் ஆல்பர்ட் விக்டர். அன்று பெரிய மனிதர்களை வரவேற்ற மண்டபத்தில் இன்று குடியரசு தின, சுதந்திர தின மலர்க்கண்காட்சிகளுக்கு ஊரே திரள்கிறது. ஓய்வு தேடிப் போகிறவர்கள் அந்த இரு சமயங்களிலும் அந்தப் பக்கம் தலைவைக்க வேண்டாம். பூவைவிட முதுகுகளைத்தான் அதிகம் பார்ப்பீர்கள்.

வேறு நாளில் போனால் மரங்களோடு பேசலாம். பெரிய இலவ மரத்தின் பலகை வேர்களுக்கு நடுவே ஒரு குடும்பமே உட்கார்ந்துவிடும். வெயில் ஏறினால் மாந்தோப்பு. சாயங்காலம் ஏரிக்கரைக்கு வாருங்கள். நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைப்பதைப் பார்க்கத் தனி டிக்கெட் கிடையாது. வழியெல்லாம் கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது, இந்தி காதில் விழும். வழி கேட்கத் தமிழே பெரும்பாலும் போதும்.

முன்பு புளிசாதப் பொட்டலத்தைப் புல்வெளியில் பிரித்து வைத்துச் சாப்பிட்டுவிட்டு ஒரு குட்டித் தூக்கமும் போட்டார்கள். இப்போது பிளாஸ்டிக்குக்குத் தடை, சாப்பாட்டுக்கும் கெடுபிடி. பிக்னிக் சுகம் போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் காலடியில் பாலித்தீன் சிக்காத புல்தரை சும்மா கிடைக்காது. வயிற்றுக்குப் பக்கத்திலேயே வழியிருக்கிறது. 1924இல் தொடங்கிய மாவள்ளி டிபன் ரூம் லால்பாக் சாலையில்தான். காத்திருக்கப் பொறுமை வேண்டும்.

போய்ச் சேரும் வழி அடியோடு மாறிவிட்டது. மெஜஸ்டிக் பேருந்து நிலையத்தில் நெரிசல் பேருந்துக்கு நின்றதெல்லாம் பழைய கதை. அங்கிருந்து பச்சை வழி மெட்ரோவில் நான்காவது நிறுத்தம் லால்பாக். 2017 முதல் ஓடும் இந்த வசதி சும்மா வந்ததல்ல. 2009இல் மெட்ரோவுக்காகச் சுற்றுச்சுவரை இடித்து மரங்களை வெட்டத் தொடங்கியபோது நகரத்தார் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அந்த ரயிலில் ஏறித்தான் இன்று நாம் நிழல் தேடிப் போகிறோம். 2025இல் சுரங்கச் சாலைக்காக இதே தோட்டத்தில் இடம் எடுக்கும் திட்டம் வந்தபோதும் எதிர்ப்பு எழுந்தது. அரண்மனை வேலி போன பிறகு இந்தத் தோட்டத்துக்குக் காவல் என்று இருப்பது இங்கே தினமும் நடக்க வருகிறவர்கள்தான்.

அடுத்த முறை பெங்களூர் போனால் கடைவீதிக்கு வைத்திருக்கும் நாளை லால்பாக்குக்குக் கொடுங்கள். வாரநாளில், வெயிலுக்கு முன்னால் உள்ளே நுழையுங்கள். திரும்பும் வண்டியை மட்டும் ராத்திரிக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.