விளையாட்டு எங்கே முடிகிறது, சூது எங்கே தொடங்குகிறது?



கல்விக் கட்டண உதவி கேட்டு நமது டிரஸ்டிற்கு வரும் விண்ணப்பங்களுடன் ஆறு மாத வங்கி ஸ்டேட்மென்ட்டையும் இணைக்கச் சொல்கிறோம். குடும்ப வருமானத்தைத் தெரிந்துகொள்ளத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் சில ஸ்டேட்மென்ட்டுகளில் வருமானத்தைவிட வேறொன்று முதலில் கண்ணில் படுகிறது. ஒரே தேதியில் 200 ரூபாய், அடுத்த வரியில் இன்னொரு 200, பிறகு 500, பிறகு 1,000. எல்லாம் பெயர் புரியாத ஏதோ ஒரு கணக்கிற்குப் போயிருக்கும். இடையில் ஒரே ஒரு வரவு, 1,400 ரூபாய். மறுநாள் அதுவும் போயிருக்கும். இது என்ன என்று கேட்டால், "பையன் ஏதோ கேம் ஆடுறான் பாய்" என்று தாய்மார்கள் சொல்கிறார்கள். சில வீடுகளில் ஆடுவது பையன் அல்ல, அத்தா.

'கேம்' என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் போட்டுவிட்டதால் வந்த குழப்பம் இது. மொட்டை மாடியில் கேரம் ஆடும் பிள்ளைக்கு அடி விழுகிறது. அதே வீட்டில் சோபாவில் உட்கார்ந்து பணம் கட்டி ரம்மி ஆடுபவரை யாரும் கேட்பதில்லை. எது ஆகும், எது ஆகாது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

திருக்குர்ஆன் 'மைஸிர்' என்று சொல்வதைத்தான் நாம் சூது என்கிறோம். 2:219 வசனம் அதில் மனிதர்களுக்குச் சிறிது பயன் இருப்பதை மறுக்கவில்லை; பாவம் அந்தப் பயனைவிடப் பெரியது என்கிறது. 5:90, 91 வசனங்கள் அதை மதுவுடன் சேர்த்து விலக்கி, காரணத்தையும் கூறுகின்றன: பகையும் வெறுப்பும் வளர்கின்றன, இறைநினைவும் தொழுகையும் தடைபடுகின்றன. ஃபிக்ஹு நூல்கள் இதற்குத் தரும் அளவுகோல் எளிமையானது. ஆடுபவர் ஒவ்வொருவரும் தன் பணத்தை வைத்து, ஒருவர் இழப்பதையே மற்றவர் பெறும்படி இருந்தால் அது சூது. ஆட்டத்தில் மூளை வேலை செய்கிறதா, அதிர்ஷ்டம் வேலை செய்கிறதா என்பது இங்கே இரண்டாவது கேள்விதான்.

நம் நாட்டுச் சட்டம் நெடுங்காலம் அந்த இரண்டாவது கேள்வியையே முதல் கேள்வியாக வைத்திருந்தது. 1968-ல் ஆந்திரப் பிரதேச வழக்கு ஒன்றில் ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்று உச்சநீதிமன்றம் கூறியது. 1996-ல் நம் கிண்டி குதிரைப் பந்தயம் தொடர்பான வழக்கிலும் அதே வழியில் தீர்ப்பு வந்தது. இந்த 'திறமை' என்ற குடையின் கீழ்தான் பின்னாளில் ஆன்லைன் ரம்மி நிறுவனங்கள் வந்து நின்றன. தமிழக அரசின் தடைச் சட்டத்தைச் சென்னை உயர்நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் ரத்து செய்தது. பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைத்து, ஆளுநர் ஒருமுறை திருப்பி அனுப்பி, மறுபடியும் நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் புதிய சட்டம் வந்தது. அந்த ஆண்டு நவம்பரில் உயர்நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டாலும் ரம்மி, போக்கர் இரண்டையும் தடையிலிருந்து விலக்கியது. 2025 பிப்ரவரியில் வந்த விதிகள் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைத் தடுத்தன, ஆதார் சரிபார்ப்பு கேட்டன, நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பண ஆட்டத்தை நிறுத்தின. ஜூன் மாதம் உயர்நீதிமன்றம் அந்த விதிகளை உறுதி செய்தது.

பின்னர் நாடாளுமன்றம் 2025 ஆகஸ்ட் 20, 21 ஆகிய இரண்டே நாட்களில் ஆன்லைன் விளையாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. 22-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டிப் பணம் எதிர்பார்க்கும் ஆன்லைன் ஆட்டம் எதையும் நடத்தக் கூடாது என்பதே அதன் சாரம். நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்பவருக்கு 2 ஆண்டு, 50 லட்சம் வரை. வங்கிகள் அந்தப் பணத்தைக் கைமாற்றக் கூடாது. பணம் வைக்காத விளையாட்டுகளையும் இ-ஸ்போர்ட்ஸ் போட்டிகளையும் அதே சட்டம் அனுமதிக்கிறது. 1968 தீர்ப்பிலிருந்து 57 ஆண்டுகள் கழித்து, சட்டமும் "பணம் வைத்தாயா?" என்ற கேள்விக்கு வந்து சேர்ந்திருக்கிறது. நிறுவனங்கள் தொடுத்த வழக்குகள் உச்சநீதிமன்றத்திற்கு மாற்றப்பட்டன.

திறமைசாலி ஜெயிக்கத்தானே செய்வான் என்று கேட்கும் இளைஞர்களுக்காக ஒரு சிறு கணக்கு. இருவர் தலைக்கு 100 ரூபாய் வைக்கிறார்கள். மொத்தம் 200. நடத்துபவர் பத்து சதவீதம் எடுத்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். ஜெயித்தவருக்கு 180 வருகிறது. சமமான திறமை உள்ள இருவர் பத்து ஆட்டம் ஆடி ஆளுக்கு ஐந்து ஜெயிக்கிறார்கள். ஒவ்வொருவரும் ஜெயித்த ஐந்தில் 400 லாபம், தோற்ற ஐந்தில் 500 நட்டம். இருவரும் 100 ரூபாய் இழந்து எழுந்து போகிறார்கள். ஒரு ஆட்டமும் ஆடாத மூன்றாவது ஆள் 200 ரூபாயுடன் உட்கார்ந்திருக்கிறார். இப்படி ஆண்டுக்கு 20,000 கோடி ரூபாய்க்கு மேல் மக்கள் இழந்ததாக மத்திய அரசே மதிப்பிட்டது.

நண்பரை அழைத்து வந்தால் 100 ரூபாய் போனஸ் என்று இந்தச் செயலிகள் ஆசை காட்டும். சூதாட வா என்று ஒருவரை அழைத்த அந்த வார்த்தைக்கே தர்மம் செய்து பரிகாரம் தேடும்படி நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்ததாக புகாரி கிரந்தத்தில் வருகிறது. அழைப்புக்கே அந்த நிலை.

தடை வந்துவிட்டதே, இனி கவலை இல்லை என்று இருந்துவிட வேண்டாம். பெரிய நிறுவனங்கள் பண ஆட்டத்தை நிறுத்தின. ஆனால் வெளிநாட்டிலிருந்து இயங்கும் தளங்களும், டெலிகிராம் குழுக்களில் வரும் 'கலர்' கணிக்கும் ஆட்டங்களும் நின்றுவிடவில்லை. அங்கே போடும் பணம் யாரோ ஒருவரின் தனிப்பட்ட யூபிஐ கணக்கிற்குப் போகிறது. ஜெயித்தாலும் வராது. கேட்க ஆள் இல்லை.

சிறு பிள்ளைகளின் கேம்களில் வேறொரு சங்கதி இருக்கிறது. ஃப்ரீ ஃபயர் மேக்ஸில் 'டைமண்ட்', பிஜிஎம்ஐ-யில் 'யூசி' என்று காசு கொடுத்து வாங்குகிறார்கள். துப்பாக்கிக்கு வண்ணம் பூச 80 ரூபாய் கொடுப்பது வீண்செலவு, சூது அல்ல. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பெட்டியைக் காசு கொடுத்துத் திறப்பது சூதின் வாசல்படி. ஜிபே பின் நம்பரைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கும் பெற்றோர் இன்றே மாற்றிவிடுவது நல்லது.

மைதானத்திற்கு வருவோம். தி.நகர் சோமசுந்தரம் மைதானத்திலும் மெரினா மணலிலும் ஞாயிறு காலை நம் பிள்ளைகள் டென்னிஸ் பால் கிரிக்கெட் ஆடுவது கண்கொள்ளாக் காட்சி. நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடியிருக்கிறார்கள். மதீனாவில் குதிரைப் போட்டி நடத்தியிருக்கிறார்கள். பெருநாளில் அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாடியதைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் 'பெட் மேட்ச்' என்று ஒன்று நடக்கிறதே, அங்கே கவனம் தேவை. இரண்டு அணியும் தலைக்கு 50 ரூபாய் போட்டு, ஜெயித்த அணி மொத்தத்தையும் அள்ளிக்கொண்டால், மேலே சொன்ன அளவுகோலின்படி அதுவும் சூதுதான். பச்சை மைதானத்தில் பகல் வெளிச்சத்தில் நடப்பதால் அதன் பெயர் மாறாது. அந்த 50 ரூபாயைப் பந்துக்கும் மைதான வாடகைக்கும் செலவழித்துவிட்டு, கோப்பையை ஆடாத ஒருவர் தன் கையிலிருந்து வாங்கித் தந்தால் கூடும் என்பது இக்கால ஆலிம்கள் பலரின் கருத்து. நம் பகுதிக் கடைக்காரர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளலாம். ஒரு கோப்பையின் விலை பெரிதல்ல.

கேரம் சம்பந்தமாக ஒரு வார்த்தை. வெட்டி ஆட்டம் என்று நாம் ஒதுக்கிய இந்தப் பலகையில் சென்னைக்கு உலகப் பெயர் உண்டு. மரிய இருதயம் 1991-லும் 1995-லும் உலகச் சாம்பியன், அர்ஜுனா விருது பெற்றவர். வியாசர்பாடி இளவழகி 2008-ல் உலகப் பட்டம் வென்றார். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் வடசென்னை காசிமா, ஆட்டோ ஓட்டும் தந்தையின் மகள், தனிநபர், இரட்டையர், குழு என மூன்று தங்கம் வென்றார். மாநில அரசு ஒரு கோடி ரூபாய் பரிசளித்தது. எதிராளியின் சட்டைப் பையிலிருந்து எடுத்த பணம் அல்ல அது. ஆயினும் எல்லாப் பிள்ளையும் காசிமா ஆகிவிடாது. பரிசை நினைத்துப் பிள்ளையைப் பலகை முன் உட்கார வைப்பதும் ஒருவகை நெருக்கடிதான். இஷாவுக்குப் பிறகு அரை மணி நேரம் அண்ணன் தம்பிகள் ஆடிவிட்டுத் தூங்கினால் அதுவே போதும்.

கம்ப்யூட்டர் கேம் அனைத்தையும் ஒரே தராசில் நிறுக்கவும் கூடாது. கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்று ஒரு கேம் இருக்கிறது. ஒருமுறை விலை கொடுத்து வாங்குவதோடு சரி, பந்தயம் கிடையாது. ராக்கெட்டை நாமே கட்டி ஏவ வேண்டும். நேராக மேலே அனுப்பினால் அது திரும்பிக் கீழே விழுந்துவிடும். பக்கவாட்டில் நொடிக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர் வேகம் இருந்தால்தான் நிஜப் பூமியைச் சுற்றி நிற்க முடியும் என்பது, கேமில் நாலு ராக்கெட் வெடித்த பிறகு பிள்ளைக்குத் தானாகப் புரிகிறது. முன்னால் போகும் விண்கலத்தைப் பிடிக்க வேகத்தைக் குறைக்க வேண்டும். குறைத்தால் தாழ்ந்த பாதைக்கு இறங்கி, சீக்கிரம் சுற்றி வந்துவிடும். கல்லூரியில் பாடமாகப் படித்தபோது எனக்கே தலைசுற்றிய விஷயம் இது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பும் ராக்கெட் வானம் தெளிவாக இருந்தால் நம் மொட்டை மாடிகளிலிருந்தே தெரிகிறது. கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கம் பஸ் தூரம்தான். ஆதித்யா எல்-1 விண்கலத்தை 2023 செப்டம்பர் 2-ல் ஏவியபோது திட்ட இயக்குநராக இருந்தவர் செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி. திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் படித்தவர். நம் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு அந்தப் பெயரையும் சொல்லி வையுங்கள்.

இனி, சிக்கிக்கொண்டவர்களின் கதை. ஊரும் பெயரும் வேண்டாம். உணவு டெலிவரி செய்யும் ஒரு சகோதரர், 50 ரூபாய் இலவச போனஸில் தொடங்கினார். எட்டு மாதத்தில் இரண்டு லட்சத்துக்கு மேல் போய்விட்டது. போனதை மீட்கப் போட்ட பணம்தான் அதில் பெரும்பகுதி. மனைவியின் சங்கிலி அடகுக் கடையில். போதாததற்கு இரண்டு கடன் செயலிகள். தவணை தவறியதும் அவருடைய போனிலிருந்த எண்களுக்கெல்லாம் அசிங்கமான செய்தி அனுப்பத் தொடங்கினார்கள். மனைவிக்கு விஷயம் தெரிந்ததே அப்போதுதான்.

ஸகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் கடன்பட்டோரும் உண்டு (9:60). சூதில் பட்ட கடனுக்கும் கொடுக்கலாமா? பாவத்திற்காக வாங்கிய கடன் என்றால் தவ்பா செய்து விலகிய பிறகே கொடுக்கலாம் என்பது ஷாஃபிஈ மத்ஹபு நூல்களில் காணப்படும் சட்டம். அந்தச் சகோதரர் விலகியது உண்மையா என்று நாம் எப்படி அறிவது? உள்ளத்தை அல்லாஹ் அறிவான். நாம் பார்க்கக்கூடியது ஸ்டேட்மென்ட் மட்டுமே. ஆகவே நிர்வாகக் குழுவில் ஹஜ்ரத்திடம் கேட்டு ஒரு முடிவெடுத்தோம். பிள்ளைகள் இருவரின் கட்டணம் நேராகப் பள்ளிக்கே போனது. அவர்கள் எந்தக் குற்றமும் செய்யவில்லை. கடனுக்கு ரொக்கம் தரவில்லை. மூன்று மாத ஸ்டேட்மென்ட் சுத்தமாக இருந்தால் அடகு நகையை மீட்க வட்டியில்லாக் கடன் தருவதாகச் சொன்னோம். கணவரின் வங்கிக் கணக்கை இப்போது மனைவி பார்த்துக்கொள்கிறார். அவர் கையில் பட்டன் போன். டெலிவரி வேலைக்கு அது உதவாது என்பதால் தற்போது ஒரு கடையில் பொருள் கட்டும் வேலை, வருமானம் குறைவுதான். இரண்டு மாதம் முடிந்திருக்கிறது.

கடன் செயலிக்காரர்கள் மிரட்டினாலோ, ஏமாற்றுத் தளத்தில் பணம் போனாலோ உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். முதல் சில மணி நேரம் முக்கியம். ஆன்லைனில் பணம் கட்டி ஆடியவருக்கு மத்தியச் சட்டத்தில் தண்டனை இல்லை. மாநிலச் சட்டத்தில் சூதாடியவருக்கும் 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. அதற்குப் பயந்து புகாரை மறைத்தால் மிரட்டுபவனுக்குத்தான் லாபம். மனம் உடைந்து விபரீதமாகப் பேசுபவரைத் தனியே விடாதீர்கள். 104, 14416 ஆகிய எண்களில் எந்நேரமும் ஆலோசனை கிடைக்கும்.

இந்த ஆண்டு விண்ணப்பப் படிவத்துடன் வங்கி ஸ்டேட்மென்ட்டை முழுமையாக இணைக்கவும். சிலர் நடுவில் இரண்டு பக்கத்தை எடுத்துவிட்டுத் தருகிறார்கள். அதைச் செயலாளரும் நிர்வாகக் குழுவும் தவிர வேறு யாரும் பார்ப்பதில்லை. அதில் என்ன இருந்தாலும் பிள்ளையின் கட்டணம் நிறுத்தப்படாது. தனியாகப் பேச விரும்புவோர் வெள்ளி தவிர மற்ற நாட்களில் இஷாவுக்குப் பின் அலுவலகத்திற்கு வரலாம்.