மூழ்கிப் பிழைத்தவருக்கு மருத்துவமனை எதற்கு?

ஜவ்வாது மலையின் பீமன் அருவியிலோ, ஊர் நீச்சல் குளத்திலோ மூழ்கியவரை மீட்டாயிற்று. இருமுகிறார், ஆனால் தெளிவாகப் பேசுகிறார். வீட்டுக்கே அழைத்துப் போகலாமா? கூடாது.

ஏன்? நுரையீரலின் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காப்பது ‘சர்ஃபாக்டன்ட்’ என்ற மெல்லிய படலம். உள்ளே போன தண்ணீர் கொஞ்சமானாலும் அதைக் கெடுக்கும். காற்றறைகள் சுருங்கும், நீர் கசியும், ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும். சில மணி நேரத்தில் நிலைமை மோசமாகலாம். அதனால்தான் 4 முதல் 8 மணி நேரக் கண்காணிப்பு. ஜவ்வாது மலையிலுள்ள ஜமுனாமரத்தூரிலிருந்து இரவில் மலைப்பாதையில் இறங்குவதைவிட, மூச்சு முட்டும் முன்பே 108 ஆம்புலன்ஸை அழைப்பது நல்லது.

வீடு திரும்பிய பிறகு? காய்ச்சலும் சளியும் வந்தால் நுரையீரல் தொற்றா என்று பார்க்க வேண்டும். நினைவிழந்திருந்தவருக்கு ஞாபகசக்தி, கவனம், நடை ஆகியவற்றையும் சோதிக்க வேண்டும்.

மூழ்கிய நிகழ்வை மருத்துவமனையில் எப்படிப் பதிவு செய்கிறார்கள்? உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 என்ற நோய்க் குறியீட்டுப் பட்டியலில் மூழ்குதலுக்கு டி75.1 (T75.1). நீச்சல் குளத்தில் இருக்கும்போது மூழ்கினால் டபிள்யூ67, ஆறு, அருவி போன்ற இயற்கை நீர்நிலை என்றால் டபிள்யூ69 கூடச் சேரும். அமெரிக்கப் பதிப்பில் முதல் சிகிச்சை, தொடர்சிகிச்சை, பின்விளைவு ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கடைசி எழுத்தும் உண்டு.

குறியீடு சரியாக இருந்தால்தான், உயிர்காப்பாளர் தேவைப்படுவது குளத்திலா, எச்சரிக்கைப் பலகையும் தடுப்பும் தேவைப்படுவது அருவியிலா என்பது அரசுக்குத் தெரியும்.